தந்தையின் கையொப்பம்

நவம்பர் 4, திங்கள்

காலை வழிபாடு முடிந்ததும் தலைமையாசிரியை செல்வரதி மேடம் என்னைக் கூப்பிட்டார். மேசை மேல் புத்தம்புதிய பதிவேடு ஒன்று. பக்கத்தில் நீல நிற பிளாஸ்டிக் கோப்புகள், மேசை உயரத்துக்கு.

"கோமதி, இந்த வருஷம் பிளஸ் டூ பிள்ளைங்களோட உதவித்தொகை வேலை எல்லாம் நீதான் பாக்கணும்" என்றார்.

போன வருடம் பள்ளியை முடித்துப் போனவர்களில் இருபத்துமூன்று பேர் எந்தக் கல்லூரியிலும் சேரவில்லை. மேடம் ஒவ்வொரு வீடாக விசாரித்திருக்கிறார். பாதிப் பேருக்கு மேல் மதிப்பெண் இருந்தும் ஏதோ ஒரு சான்றிதழ் இல்லாமல் நின்றவர்கள். அதனால் இந்த வருடம் ஒரு புது விதி. மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு பள்ளியை விட்டுப் போகும் நாளில், ஒவ்வொரு பிள்ளையும் உதவித்தொகைக்கு விண்ணப்பித்து முடித்திருக்க வேண்டும்.

"அறுபத்துமூணு பேர். அறுபத்துமூணும் முடியணும்."

நான் தாவரவியல் டீச்சர். தமிழில் தட்டச்சு செய்யத் தெரியும் என்று ஒருமுறை வாய்தவறிச் சொன்னதன் பலன் இது.

நவம்பர் 10, ஞாயிறு

பதினொரு மணிக்கு ஷார்ஜாவிலிருந்து வீட்டுக்காரர் போன் செய்தார். அங்கே வெயில் குறைந்துவிட்டதாம். நாலு நிமிடம் பேசினோம். பின்னால் டிவியில் கார்ட்டூன் ஓடும் சத்தம் கேட்டது. அறையில் கூட இருப்பவர் பார்க்கிறார் போலிருக்கிறது. பொங்கலுக்கு வருவதற்கு லீவு கேட்டிருக்கிறாராம்.

மாவு அரைத்தேன். மாடித் தொட்டி நிரம்பி வழிந்ததைக் கீழ்வீட்டு அக்கா வந்து சொன்ன பிறகுதான் மோட்டார் ஞாபகம் வந்தது.

நவம்பர் 13, புதன்

பட்டியல் போட்டேன். வருமானச் சான்று இல்லாதவர்கள் இருபத்தொன்பது பேர். வங்கிக் கணக்கு இல்லாதவர்கள் பதினான்கு. சாதிச் சான்றில் ஒரு பெயரும் ஆதாரில் ஒரு பெயருமாக இருப்பவர்கள் ஒன்பது. கலைவாணி என்ற பிள்ளை ஆதார்படி தன் அம்மாவைவிட நாலு வயது மூத்தவள். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

மாரிக்கனியின் கோப்பில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. வகுப்பில் முதல் மாணவி. போன வருடம் பள்ளியில் கண் முகாம் நடந்தபோது கூடமாட வேலை பார்த்தவள், அன்றிலிருந்து ஆப்டோமெட்ரி படிக்க வேண்டும் என்கிறாள். கண் பரிசோதனைக்கான நாலு வருடப் படிப்பு, மதுரையில். கோயம்புத்தூரில் ஓர் அறக்கட்டளை இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் ஏற்றுக்கொள்கிறது. அந்த விண்ணப்பத்தில் ஒரே ஒரு கட்டம் மட்டும் காலி. 'தந்தையின் கையொப்பம்.'

"அப்பா எங்கம்மா?"

"கேரளாவுல இருக்காக, டீச்சர்."

"எப்ப வருவாரு?"

அவள் பேனா மூடியைத் திறந்தாள், மூடினாள்.

நவம்பர் 23, சனி

மாரிக்கனி வீட்டுக்குப் போனேன். மேலக்கரிசல்குளம், பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு கிலோமீட்டர் நடை. ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை. அவள் அம்மா ஆவுடைத்தாய் மடியில் முறத்தை வைத்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டு வயது இருக்கலாம். என்னைப் பார்த்ததும் முறத்தை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டில் நாற்காலி வாங்கி வந்தாள்.

"அவுக புனலூர்ல புரோட்டா மாஸ்டரா இருக்காக டீச்சர். பொங்கலுக்கு வந்துருவாக. வந்ததும் கையெழுத்து வாங்கித் தாரேன். நீங்க கவலப்படாதீங்க."

"கடைசியா எப்ப வந்தாரு?"

மாரி தரையைப் பார்த்தாள். ஆவுடை பீடி இலைக் கட்டை எடுத்து நுனிகளைச் சமமாகத் தட்டினாள்.

"இவ நாலாப்பு படிக்கையில வந்தாக."

எட்டு வருடம். என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும்.

"ரேசன் கார்டுல அவுக பேரு இன்னும் இருக்கு டீச்சர்" என்றாள். "கைரேகை வைக்கலைன்னா பேர எடுத்துருவோம்னு கடையில சொன்னாக. நான் எடுக்க விடல. ரெண்டு தடவ தாலுகா ஆபீசுக்கு அலைஞ்சேன். ஆளு இருக்கையில பேர எதுக்கு எடுக்கணும்?"

சரிதான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

டிசம்பர் 2, திங்கள்

கோப்பில் இணைப்பதற்காக மாரியின் பழைய மதிப்பெண் அட்டைகளைக் கேட்டிருந்தேன். ஆறாம் வகுப்பிலிருந்து பதினொன்று வரை ஒவ்வொன்றிலும் பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் 'சு. வெள்ளத்துரை' என்று இருக்கிறது. கடைசி 'ரை'யில் ஒரு சுழி, ஒவ்வொரு அட்டையிலும் ஒரே மாதிரி.

"அப்பா கடைசியா நாலாப்புல வந்தாருன்னு அம்மா சொன்னாங்களே?"

கணினி அறையில் அப்போது வேறு யாரும் இல்லை. மாரி கதவைப் பார்த்துக்கொண்டாள்.

"அம்மாதான் போடுவாக டீச்சர். 'ஒங்க பேருலயே போடுங்கம்மா'ன்னு நான் சொன்னேன். 'அப்பா இருக்கையில அம்மா எதுக்குப் போடணும்'னுட்டாக. கல்யாணப் பத்திரத்துல அப்பா போட்ட கையெழுத்தப் பாத்து, ஒரு நோட்டு பூராவும் எழுதி எழுதிப் பழகுனாக."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இதுலயும் அம்மா போட்டுருவாக. நீங்க சரின்னா போதும்" என்றாள்.

முடியாது என்றேன். அறக்கட்டளையிலிருந்து அப்பாவையே போனில் கூப்பிட்டுப் பேசுவார்கள். அதைச் சொல்லும்போதே, ஊரில் யாரையாவது அப்பா என்று பேச வைக்கலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். இருபது வருட சர்வீசில் இப்படி ஒரு யோசனை எனக்கு வந்ததில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

பேய்மழை. பள்ளி விடுமுறை. முப்பத்தெட்டு கோப்புகள் முடிந்தன. துணி காயவில்லை.

டிசம்பர் 16, திங்கள்

விஏஓ ஆரோக்கியராஜைப் பார்த்தேன். சின்ன வயசுக்காரர், பொறுமையாகக் கேட்டார். அப்பா கையெழுத்து இல்லையென்றால் வேறு வழி ஒன்றுதானாம். 'கணவனால் கைவிடப்பட்டவர்' என்று தாசில்தார் கொடுக்கும் சான்று. அந்தப் பெண்ணே மனு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும். அறக்கட்டளையின் விதியிலும் அந்தச் சான்று செல்லும் என்று போட்டிருக்கிறது. கடைசி நாள் பிப்ரவரி 28.

மதியம் ஆவுடையைப் பள்ளிக்கு வரச்சொல்லி விஷயத்தைச் சொன்னேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து நின்றுவிட்டாள்.

"கைவிடப்பட்டவளா? ஊரு சொல்லட்டும் டீச்சர். எட்டு வருசமாச் சொல்லிக்கிட்டுத்தான் கெடக்கு. நானே எழுதிக் குடுக்கணுமா? நாளைக்கு அவுக வந்து நின்னு, 'ஏட்டி, நான் ஒன்ன விட்டுட்டேன்னு நீயே கையெழுத்துப் போட்டியா'ன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"வந்தாத்தானம்மா கேப்பாக" என்றாள் மாரி.

ஆவுடை கையை ஓங்கினாள். அடிக்கவில்லை. அந்தக் கையாலேயே முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அவளைச் சம்மதிக்க வைப்பதுதான் என் வேலை. சொல்வதற்கு வாதங்கள் எல்லாம் இருந்தன. ஆனால் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவள் சொன்னதில் எனக்குத் தப்பு எதுவும் தெரியவில்லை. மாரிதான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது.

டிசம்பர் 29, ஞாயிறு

போன் வரவில்லை. அங்கே நெட் சரியில்லாமல் இருக்கும். மூன்று மணி வரை குளிக்கக்கூடப் போகவில்லை, அடித்தால் கேட்காது என்று.

ஜனவரி 6, திங்கள்

ஆசிரியர்களின் குடும்ப விவரங்களைப் புதுப்பிக்கச் சொல்லி ஒரு படிவம் வந்தது. கணவரின் தற்போதைய முகவரி கேட்டிருந்தார்கள். பழைய முகவரியையே எழுதிக் கொடுத்தேன். போன வருடம் அறை மாற்றியதாகச் சொன்னார். அடுத்த தடவை கேட்டு வாங்க வேண்டும்.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

இவருக்கு லீவு கிடைக்கவில்லை. கம்பெனியில் சரக்குக் கணக்கெடுப்பு நடக்கிறதாம். பாவம், நல்ல நாள் அதுவுமாக அங்கே என்ன சாப்பிட்டாரோ. அரை டம்ளர் அரிசியில் பொங்கல் வைத்தேன். அதுவே மிஞ்சிவிட்டது.

ஜனவரி 16, வியாழன்

ஆவுடை என் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரச்சொல்லியும் மாடிப்படியிலேயே நின்றாள். வெள்ளத்துரை பொங்கலுக்கு வந்தாரா என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"டீச்சர், ஒரு எட்டு புனலூருக்குப் போயிப் பாத்துட்டு வந்துருவோமா? அங்க போர்டெல்லாம் வேற எழுத்துல இருக்குமாம். நீங்க கூட வந்தா தைரியமா இருக்கும். அவுக கையால ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துருவோம்."

"மாரி வராளா?"

"அவ படிக்கட்டும். அவளுக்குத் தெரிய வேண்டாம்."

சனிக்கிழமை போவதாகச் சொன்னேன்.

ஜனவரி 18, சனி

தென்காசியிலிருந்து காலை ஆறரை பஸ். ஆவுடை அரக்கு நிறச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தாள். மடியில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளி நிறைய முறுக்கு. "அவுகளுக்குப் பிடிக்கும்" என்றாள். போகும் வழியெல்லாம் தூக்குவாளி மூடியைச் சரிபார்த்துக்கொண்டே வந்தாள். ஆரியங்காவு தாண்டியதும் ஜன்னலில் குளிர் அடித்தது. எங்கே பார்த்தாலும் பச்சை.

"டீச்சர், நான் கெழடாயிட்டனா?"

"இல்ல ஆவுடை. நல்லாருக்கீங்க."

"முன்னாடி பல்லு மட்டும் ஒண்ணு போயிட்டு. சிரிக்காம இருந்தாத் தெரியாது."

புனலூரில் இறங்கி இரண்டு ஓட்டல்களில் விசாரித்தோம், இல்லை. மூன்றாவது ஓட்டல் மார்க்கெட் பக்கம். முன்புறம் புரோட்டாக் கல். எங்களுக்கு முதுகைக் காட்டியபடி ஒருவர் மாவை வீசி அடித்துக்கொண்டிருந்தார். ஆவுடை என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் நகம் என் தோலில் பதிந்தது. அவர் திரும்பினார். இருபது வயதுப் பையன்.

கல்லாவில் இருந்தவரிடம் கேட்க வேண்டும். ஆவுடையால் புருஷன் பெயரைச் சொல்ல முடியவில்லை. "நீங்க கேளுங்க டீச்சர்" என்றாள். நான் கேட்டேன்.

"வெள்ளத்துரையா? நம்ம தென்காசி மாஸ்டர்!" கல்லாக்காரர் முகம் மலர்ந்தது. பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகப் பேசினார். "நல்ல கைவேலக்காரன். அவன் இங்க விட்டுட்டு நாலு வர்ஷம் ஆயி. மலப்புறம் போயி. பார்யயும் கொச்சும் எல்லாம் கூட்டிட்டுத்தான் போயி. நீங்க யாரு?"

பார்யை என்றால் மனைவி. கொச்சு என்றால் குழந்தை. ஆவுடைக்குப் புரிந்திருக்காது என்று ஒரு கணம் நம்பினேன்.

அவள்தான் பதில் சொன்னாள். உரத்த குரலில், தெளிவாக. "ஊர்க்காரவுக. சும்மா இந்தப் பக்கம் வந்தோம். பாத்துட்டுப் போலாம்னு."

"நம்பர் இருக்கு. வேணுமா?"

நான் போனை வெளியே எடுத்துவிட்டேன். "வேண்டாம்" என்றாள் ஆவுடை.

வெளியே வந்ததும் கேட்டேன். "நம்பர் இருந்தா கையெழுத்து வாங்கிருக்கலாமே? கேட்டா போடாமலா இருப்பாரு?"

"போடுவாக. கேட்டா இல்லைன்னு சொல்லுத ஆளு இல்ல." கொஞ்ச தூரம் நடந்தாள். "அந்தப் பிள்ளைக்கு அப்பான்னு கையெழுத்துப் போடுத எடத்துல போயி, எம் பிள்ளைக்கும் ஒண்ணு போட்டுத் தாங்கன்னு நான் நிக்கணுமா டீச்சர்?"

திரும்பும் பஸ்ஸில் தூக்குவாளியைத் திறந்து எனக்கு முறுக்கு கொடுத்தாள். முன் சீட்டில் எட்டிப் பார்த்த குழந்தைக்குக் கொடுத்தாள். கண்டக்டருக்குக் கொடுத்தாள். தென்மலை வருவதற்குள் தூக்குவாளி காலி. மலை இறங்கும்போது கேட்டாள்.

"கொச்சுன்னா பிள்ளதான டீச்சர்?"

"ஆமா."

"ஆம்பளப் பிள்ளையா, பொம்பளப் பிள்ளையான்னு கேட்டுருக்கலாம்."

ஜனவரி 20, திங்கள்

இடைவேளையில் ஆவுடை வந்து நின்றாள். "எழுதுங்க" என்றாள். மூன்றாவது பாடவேளைக்கு அனுமதி வாங்கிக்கொண்டு விஏஓ அலுவலகத்துக்குக் கூட்டிப் போனேன்.

ஆரோக்கியராஜ் மனு எழுதினார். ஓர் இடத்தில் ஆவுடை நிறுத்தினாள். "விட்டுட்டுப் போயிட்டாகன்னு போடாதீங்க சார். வரலைன்னு போடுங்க."

"சான்றிதழ்ல தலைப்பு அப்படித்தாம்மா வரும். மாத்த முடியாது."

"அது கவருமெண்டு சொல்லுதது. இது நான் சொல்லுதது."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு, 'எட்டு ஆண்டுகளாக வீடு திரும்பவில்லை' என்று எழுதினார்.

பேனாவை வாங்கிக்கொண்டு குனிந்தவள் 'சு. வெ' வரை எழுதிவிட்டாள். கை பழகிய பழக்கம். சட்டென்று நிறுத்தினாள். முகமெல்லாம் சிவந்துவிட்டது. "வேற தாளு குடுங்க சார், தப்பாயிட்டு." ஆரோக்கியராஜ் ஒன்றும் கேட்காமல் முழு மனுவையும் இரண்டாம் முறை எழுதினார். அவள் தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். 'ஆவுடைத்தாய்.' பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுத்து போல இருந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் கேட்டாள். "கையெழுத்துப் போட்டா நெனப்பு போயிருமா டீச்சர்?"

"போகாது" என்றேன்.

ரொம்ப சீக்கிரமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இவர் பெரியப்பா பேத்தி கல்யாணம், பாளையங்கோட்டையில். என் கொழுந்தன் மனைவி பந்தியில் யாருக்கோ போனில் படம் காட்டிக்கொண்டிருந்தாள். நான் போய் உட்கார்ந்ததும் போனைக் கவிழ்த்துவிட்டு, "அக்கா, மெலிஞ்சுட்டீங்களே" என்றாள். ஏதோ குழந்தையின் பிறந்தநாள் படம். மூன்று மெழுகுவத்தி. ஷார்ஜாவில் அவளுக்கும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளையாக இருக்கும். நான் கேட்கவில்லை. ரசம் நன்றாக இருந்தது.

பிப்ரவரி 17, திங்கள்

அறுபத்திரண்டு கோப்புகள் முடிந்தன. கலைவாணியின் வயதுகூடச் சரியாகிவிட்டது.

ஆவுடையின் மனு திரும்பி வந்துவிட்டது. 'கணவர் பெயர் குடும்ப அட்டையில் உள்ளது' என்று குறிப்பு. ஒன்றாக வாழ்கிறார்கள் என்று அட்டை சொல்லும்போது கைவிட்டார் என்று எப்படிச் சான்று தருவது? அவர்கள் கேட்பதும் நியாயம்தான். இன்னும் பதினோரு நாள்.

இதை நான் எப்படி அவளிடம் சொல்வது? மாரியிடம் சொல்லி அனுப்பினேன். கோழைத்தனம்தான்.

பிப்ரவரி 19, புதன்

மதியம் ஆவுடை பள்ளிக்கு வந்தாள். தாலுகா அலுவலகத்துக்கு அவளே தனியாகப் போய் வந்திருக்கிறாள். கையில் ஒரு சீட்டு.

"எடுத்துட்டேன் டீச்சர். கம்ப்யூட்டர்ல பேரக் காட்டி, 'இதுவா'ன்னாரு. ஆமான்னேன். ஒரு பட்டனத் தட்டுனாரு. அம்புட்டுத்தான்." முறத்தில் பீடி அடுக்குவது போல அந்தச் சீட்டை மேசையில் நேராக வைத்தாள். "அம்புட்டுத்தான் டீச்சர். ஒரு நிமிசம்கூட ஆகல."

டீ வாங்கி வரச் சொன்னேன். இருந்து குடித்துவிட்டுப் போனாள். மாரி வகுப்பு ஜன்னலிலிருந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பள்ளி விட்டதும் என்னிடம் வந்து, "டீச்சர், அன்னைக்கு நான் அம்மாவ அப்படிச் சொல்லிருக்கக் கூடாது" என்றாள்.

"என்கிட்ட எதுக்குச் சொல்ற? அம்மாகிட்டச் சொல்லு."

"சொன்னா அழுதுருவாக."

"அழட்டும்."

பிப்ரவரி 27, வியாழன்

சான்று நேற்று மாலை வந்தது. இன்று காலை முதல் பாடவேளையில் ஏற்றினேன். இணையம் மூன்று தடவை அறுந்தது. நாலாவது தடவை பச்சை நிறத்தில் 'பெறப்பட்டது' என்று வந்தது. அறுபத்துமூன்று. மேடம் ஸ்டாஃப் ரூமுக்கே வந்து கை கொடுத்தார். எல்லோருக்கும் கேசரி.

மார்ச் 25, செவ்வாய்

தேர்வு முடிந்தது. பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் மை தெளித்துக்கொண்டு போனார்கள். என் சேலையிலும் கொஞ்சம். அலசிப் பார்த்தேன், போகவில்லை.

மே 8, வியாழன்

மாரிக்கனி 561. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். 561தான்.

ஜூன் 12, வியாழன்

அறக்கட்டளையிலிருந்து போன் நேர்காணல். மாரியை என் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தேன், மேலக்கரிசல்குளத்தில் சிக்னல் கிடைக்காது. ஒரு அம்மா பேசினார். படிப்பைப் பற்றிக் கேட்டார், கண் முகாமைப் பற்றிக் கேட்டார். பிறகு அப்பாவைப் பற்றி. மாரி என்னைப் பார்த்தாள். நான் வேண்டுமென்றே சமையலறைக்குள் போய்விட்டேன்.

"அப்பா வீட்டுல இல்லைங்க. அம்மா இருக்காங்க" என்று அவள் சொல்வது கேட்டது.

இவரிடமிருந்து போன் வந்து ஐந்து வாரம் ஆகிறது. வெயில் காலத்தில் அங்கே வேலை கடுமை.

ஜூலை 21, திங்கள்

கடிதம் வந்துவிட்டது. மாரிக்கனிக்கு நாலு வருடமும். மேடம் அதைப் பிரதி எடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலை ஒன்பது மணிக்கு மாரிக்கு மதுரை பஸ். தகரப் பெட்டி, ஒரு தலையணை, ஒரு வாளி. நானும் வழியனுப்பப் போயிருந்தேன். ஆவுடை, கூட வருவதாகச் சொன்னதற்கு மாரி ஒப்புக்கொள்ளவில்லை. வகுப்புத் தோழிகள் இரண்டு பேர் அதே பஸ்ஸில் போகிறார்கள், வேண்டாம் என்றுவிட்டாள். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அம்மாவின் கன்னத்தைத் தொட்டாள். ஆவுடை அழவில்லை. பஸ் திரும்பி மறைந்த பிறகும் அந்தத் திசையிலேயே நின்றாள்.

பிறகு இருவரும் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"ஒங்க வீட்டுக்காரர் எப்பம் டீச்சர் வாராக?"

எல்லோரும் கேட்கிற கேள்விதான். பதில் எப்போதும் தயாராக வைத்திருப்பேன். இப்போதைக்கு 'தீபாவளிக்கு.' அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"வரமாட்டார் ஆவுடை" என்றேன். "அவருக்கு அங்க குடும்பம் இருக்கு. பிள்ளையும் இருக்கு. ரெண்டு வருஷமா எனக்குத் தெரியும்."

என் குரலில் அந்த வாக்கியத்தை நான் கேட்டதில்லை. இந்த நோட்டில்கூட எழுதியதில்லை.

ஆவுடை பதறவில்லை. அய்யோ என்று சொல்லவில்லை. எதிரே ஒரு பஸ் வந்து நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போகும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன் வந்தா எடுப்பீகளா?"

"எடுப்பேன்."

"ம்" என்றாள். அதில் குறை சொல்கிற தொனி இல்லை. "மத்தியானம் எங்க வீட்டுல சாப்புடுங்க டீச்சர். ஒருத்திக்குன்னு ஒல வைக்க எனக்குத் தெரியாது."

போனேன். சாம்பார், முருங்கைக்கீரைப் பொரியல், அப்பளம். இருவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மாரி எந்த ஊர் தாண்டியிருப்பாள் என்று பேசிக்கொண்டோம். சாப்பிட்டு முடித்ததும் ஆவுடை ஒரு பாயை விரித்தாள். "கொஞ்சம் படுங்க" என்றாள். ஒரு மணி நேரம் தூங்கியிருக்கிறேன். விழித்தபோது அவள் சுவரில் சாய்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். வெயில் கதவு வரை வந்திருந்தது.

அப்போது வெளியே ஆண் செருப்புச் சத்தம். வாசலுக்கு நேரே வந்து நின்றது. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சட்டென்று தலையைத் திருப்பினோம்.

பக்கத்து வீட்டுக்காரர். ஏணி கேட்டு வந்திருந்தார்.

ஆவுடை என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். முதலில் அவள்தான் சிரித்தாள், பல் விழுந்த இடம் தெரிய. பிறகு எனக்கும் அடக்க முடியவில்லை. என்ன ஏது என்று தெரியாமல் அந்த மனிதர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.